டாஷ்போர்டைப் பிரித்து மாட்டிய பிறகு வரும் மின் கோளாறுகள்: ராமநாதபுரம் கடலோரக் கார்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஆண்ட்ராய்டு செட் மாட்டுவது, ரிவர்ஸ் கேமராவுக்கு வயர் இழுப்பது, மீட்டர் போர்டில் பல்பு மாற்றுவது, உடைந்த ஏசி வென்ட்டைக் கழற்றிப் புதிது போடுவது என்று டாஷ்போர்டில் கை வைக்கப் பல காரணங்கள் உண்டு. வேலையை முடித்துச் சாவியைத் திருப்பினால் ஹாரன் அடிக்காது, அல்லது ஏர்பேக் விளக்கு அணையாது, அல்லது மறுநாள் காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கும். உள்நாட்டு ஊர்களில் ஓடும் காரென்றால் தவறு பெரும்பாலும் கை பட்ட இடத்தோடு முடிந்துவிடும். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் ஓடும் காரில், அதிலும் மண்டபம் தாண்டிப் பாம்பன், ராமேஸ்வரம், தனுஷ்கோடி என்று சுற்றும் காரில், இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். உள்ளே களிம்பேறியிருந்தும் பல வருடம் யாரும் அசைக்காததால் ஓடிக்கொண்டிருந்த கப்ளரும் (வயர் இணைப்பி) எர்த் போல்ட்டும் (மின்சாரம் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்ப வயரை இறுக்கும் போல்ட்) கை பட்டதும் விட்டுப்போகும். ஆகவே தேட வேண்டியவை இரண்டு: நீங்கள் தவறாக மாட்டியது, உப்பு முன்பே தின்று வைத்திருந்தது. இதைப் பிரித்துப் பார்க்காமல் பாகம் மாற்ற ஆரம்பித்தால் பணம் கரையும், கோளாறு அப்படியே இருக்கும்.

காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபம் கடற்கரையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இந்தக் காற்றுதான். உப்புப் படிந்த இடம் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரப்படலத்தில் செம்பும் இரும்பும் தகரப்பூச்சும் தொட்டுக்கொண்டிருந்தால், 12 வோல்ட்டும் சேர்ந்து, அரிப்பு வேகமெடுக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணலும் கூடவே உள்ளே வரும். யாத்திரை வண்டிகளுக்கு இன்னொரு கேடு: அக்னி தீர்த்தத்தில் குளித்தவர்கள் ஈரத்துணியோடு ஏறி உட்காருவது. அந்தக் கடல்நீர் கார்ப்பெட்டின் அடியில் இறங்கி, கால் பக்கப் பேனலின் உள்ளே இருக்கும் எர்த் போல்ட்டிலும் சீட்டின் அடியில் இருக்கும் மஞ்சள் கப்ளரிலும் போய் நிற்கும்.

கை வைக்கும் முன்

சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். திரும்ப மாட்டும்போது நெகட்டிவ் கடைசியாக வர வேண்டும். ஏர்பேக் உள்ள காரென்றால் அதன் பிறகு குறைந்தது 3 நிமிடம் காத்திருங்கள். 10 நிமிடம் விட்டால் இன்னும் நல்லது. கார் கையேடு அதைவிட அதிகம் சொன்னால் கையேட்டின் பேச்சையே கேளுங்கள். ஏர்பேக்கை வெடிக்க வைக்கும் மின்சாரம் பேட்டரியைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் நிற்கும். இந்தியாவில் 2019 ஜூலை முதல் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். அதற்கு முந்தைய கார்கள் பலவற்றிலும் இருக்கும்.

ஏர்பேக்குக்குப் போகும் மஞ்சள் கப்ளர், மஞ்சள் உறை போட்ட வயர் எதிலும் மல்டிமீட்டரோ டெஸ்ட் லேம்போ வைக்கக் கூடாது. ஓம் பார்க்க மீட்டர் அனுப்பும் சிறு மின்சாரத்தைக்கூட அங்கே அனுமதிக்க முடியாது. ஹைப்ரிட், எலெக்ட்ரிக் கார்களில் ஆரஞ்சு நிறத் தடித்த கேபிளைப் பார்த்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கையில் வேண்டியவை: 10 ஆம்பியர் வரை அளக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர், 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்று ஹோல்டரோடு, ஒவ்வொரு அளவிலும் இரண்டு மூன்று ஃபியூஸ், கான்டாக்ட் கிளீனர், உப்புத்தாள், வாசலின், 10-ஆம் நம்பர் ஸ்பேனர், பேனல் எடுக்கும் பிளாஸ்டிக் நெம்புகோல், ஹெட் டார்ச். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பேனல் கிளிப்பும் உடையும், பின்னால் ஓடும் வயரும் கிழியும்.

கோளாறு அல்லாதவை

பேட்டரியைக் கழற்றி மாட்டினாலே சில மாறுதல்கள் வரும். கடிகாரம் அழியும். பவர் விண்டோ ஒரே தட்டில் மேலேறாது. கண்ணாடியை முழுக்க மூடி, சுவிட்சைச் சில வினாடி இழுத்துப் பிடித்தால் பல கார்களில் சரியாகிவிடும். ஸ்டீயரிங் விளக்கு அல்லது ஈஎஸ்பி (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) விளக்கு எரிந்தால், எஞ்சினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இடக்கோடி முதல் வலக்கோடி வரை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். ஐடில் (வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) சற்று ஏறி இறங்குவதும் கொஞ்சம் ஓட்டினால் அடங்கும். இவற்றுக்காக மறுபடி டாஷ்போர்டைப் பிரிக்க வேண்டாம்.

முதல் படி: பேட்டரி

வேலை நடக்கும்போது கதவு திறந்து, உள் விளக்கு எரிந்து, சாவி ஆன் நிலையில் மணிக்கணக்கில் கிடந்திருக்கும். பேட்டரி இறங்கிய காரில் பத்து விளக்கு ஒன்றாக எரியும், ரிலே டிக் டிக்கென்று அடிக்கும், ஸ்கேனரில் கோளாறுக் குறியீடுகள் (கோடுகள்) குவியும். அதைப் பார்த்து வயரிங்கைச் சந்தேகிப்பது வீண் வேலை.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அளந்தால் 12.6 வோல்ட் முழுச் சார்ஜ், 12.4 பரவாயில்லை, 12.2-க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றிவிட்டு வாருங்கள். எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். இப்போது வெறும் 12 சொச்சமே காட்டி, நீங்கள் மீட்டர் போர்டையும் கழற்றியிருந்தால், அதன் கப்ளரைப் பாருங்கள். பழைய கார்கள் பலவற்றில் ஆல்டர்னேட்டரை எழுப்பும் மின்சாரம் மீட்டர் போர்டின் பேட்டரி விளக்கு வழியாகத்தான் போகிறது. அந்த பல்பு ஃபியூஸ் போயிருந்தாலோ கப்ளர் விட்டிருந்தாலோ, ஆல்டர்னேட்டர் நன்றாக இருந்தும் சார்ஜ் ஏறாது.

இரண்டாம் படி: எர்த்

கடலோரக் காரில் அதிக நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். ஒரே நேரத்தில் சம்பந்தமில்லாத பல கோளாறுகள் வந்தால் எர்த்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும். ஹெட்லைட் போட்டதும் பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து நகர்கின்றனவா? இண்டிகேட்டர் போட்டால் மீட்டர் வெளிச்சம் துடிக்கிறதா? செட்டில் ஆக்ஸிலரேட்டருக்கு ஏற்ப உய்ங்கென்ற சத்தம் ஏறி இறங்குகிறதா? மூன்றும் எர்த் கெட்டதன் அடையாளம். திரும்பிப் போகும் வழி அடைபட்ட மின்சாரம் வேறொரு பல்பு வழியாகவோ சென்சார் வழியாகவோ வழி தேடிப் போகும்.

இதை ஓம் வைத்துப் பார்த்துவிட்டுச் சரியென்று சொல்லிவிடாதீர்கள். களிம்பேறிய ஒரு போல்ட்டில் 0.2 ஓம் தடை இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். மீட்டரின் சொந்த வயரே அவ்வளவு காட்டும் என்பதால் அது கண்ணில் படாது. ஆனால் அதன் வழியே 10 ஆம்பியர் ஓடினால் 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். ஆகவே மின்சாரம் ஓடும்போதுதான் சோதிக்க வேண்டும்.

செய்முறை இது. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலேயே வையுங்கள், கிளாம்ப்பில் அல்ல. தேவையென்றால் நீள வயர் சேர்த்துக்கொள்ளலாம். ஹெட்லைட், ஏசி புளோயர் நாலாம் வேகம், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போடுங்கள். சிவப்பு முனையால் டாஷ்போர்டின் இரும்புக் குறுக்குக்கம்பி, செட்டின் உலோக உடல், கால் பக்க எர்த் போல்ட், அதில் மாட்டிய வயரின் லக் (முனையில் இருக்கும் உலோக வளையம்) என்று ஒவ்வொன்றாகத் தொடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.2 தாண்டினால் அந்த இடத்தைத் திறந்தே ஆக வேண்டும். போல்ட்டில் குறைவாகவும் லக்கில் அதிகமாகவும் காட்டினால் களிம்பு அந்த இரண்டுக்கும் நடுவில். இரண்டிலுமே அதிகமென்றால் பேட்டரியிலிருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் வரும் தடித்த எர்த் கேபிளைப் பாருங்கள்.

எர்த் கெட்டது உறுதியானால் பேட்டரியைக் கழற்றிவிட்டுப் போல்ட்டை எடுத்து, பாடியிலும் லக்கிலும் உப்புத்தாள் போட்டு உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். பல் வாஷர் வைத்து இறுக்குங்கள். வாசலின் பூசுவது இறுக்கிய பிறகு, வெளிப்பக்கம். லக்கின் வாயில் பச்சை தெரிந்தால் தேய்ப்பது போதாது. வயரின் உறைக்குள் உப்புநீர் ஏறிச் செம்பு கறுத்திருக்கும், கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிவிட்டுப் புது லக் கிரிம்ப் செய்யுங்கள். வயர் நீளம் போதாவிட்டால் அதே தடிமனில் துண்டு சேருங்கள்.

புது செட்டின் கறுப்பு வயரைப் பக்கத்தில் கிடைத்த ஸ்க்ரூவில் சொருகும் பழக்கம் பரவலாக இருக்கிறது. டாஷ்போர்டின் பல ஸ்க்ரூக்கள் பிளாஸ்டிக்கில்தான் இறங்குகின்றன. அப்போது செட் ஆன்டெனா கேபிளின் உறை வழியாக எர்த் தேடும். கேபிள் சூடாகும், ஒலி கரகரக்கும்.

மூன்றாம் படி: ஃபியூஸ்

ஃபியூஸின் தலையில் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் தெரியும். சாவியை ஆன் செய்து இரண்டிலும் மீட்டர் வையுங்கள். இரண்டிலும் 12 வோல்ட் என்றால் ஃபியூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் என்றால் போய்விட்டது. இரண்டிலும் இல்லையென்றால் அதற்கு வரும் சப்ளை இல்லை, அல்லது அது சாவியின் வேறொரு நிலையில் வேலை செய்வது. கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கடலோரக் காரில் ஃபியூஸ் நன்றாக இருந்தும் கால் களிம்பேறி விட்டிருக்கும். உருகிய பிளாஸ்டிக் தெரிந்தால் சாக்கெட் தளர்ந்து சூடாகியிருக்கிறது. ஃபியூஸை மட்டும் மாற்றினால் மறுபடி போகும்.

நிறத்தை நினைவில் வையுங்கள்: இளம்பழுப்பு 5, அடர்பழுப்பு 7.5, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, நிறமற்றது 25, பச்சை 30 ஆம்பியர். 10 போன இடத்தில் 20 போடுவதும், சிகரெட் காகிதத்தின் ஈயத்தாளைச் சுற்றி வைப்பதும் காரை எரிப்பதற்கான வழி. ஃபியூஸ் போகாவிட்டால் வயர் எரியும், அதுவும் டாஷ்போர்டின் பஞ்சுக்கு நடுவில்.

புது ஃபியூஸும் உடனே போனால் ஷார்ட் இருக்கிறது. மேலும் ஃபியூஸ்களை வீணாக்காமல், அந்த இடத்தில் 21 வாட் பல்பின் இரண்டு வயரையும் சொருகுங்கள். எவ்வளவு கெட்ட ஷார்ட்டாக இருந்தாலும் பல்பு ஏறக்குறைய 1.75 ஆம்பியருக்கு மேல் விடாது. பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட் இப்போது இருக்கிறது. மங்கலாக எரிந்தால் சாதாரண லோடாகவும் இருக்கலாம். நீங்கள் மாட்டியவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள்: செட், கேமரா, எல்இடி பட்டை, சார்ஜர் சாக்கெட். எதைப் பிடுங்கும்போது பல்பு அணைகிறதோ கோளாறு அந்தக் கிளையில். எதற்கும் அணையாவிட்டால் ஹார்னஸை (வயர்க் கட்டை) மெதுவாக அசைத்தபடி பல்பைக் கவனியுங்கள்.

வயர் நசுங்கும் இடங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: செட்டின் பிராக்கெட் ஸ்க்ரூ நீளமாகிப் பின்னால் துளைப்பது, ஸ்டீயரிங் காலம் கவரின் இரண்டு பாதிகளுக்கு நடுவில் சிக்குவது, கையுறைப் பெட்டியின் கீல், குறுக்குக்கம்பியின் கூரான விளிம்பு. பெடல் பக்கம் வயர் தொங்குகிறதா என்று கட்டாயம் பாருங்கள். பிரேக் பெடலிலோ ஸ்டீயரிங் தண்டிலோ சுற்றிக்கொண்டால் அது வெறும் மின் கோளாறோடு நிற்காது.

நான்காம் படி: கப்ளர்கள்

பூட்டு விழும் டிக் சத்தம் கேட்காத கப்ளர் மாட்டப்பட்டதாகக் கணக்கில்லை. முன்னிருந்து பார்க்கச் சரியாகத் தெரிந்தாலும், உள்ளே ஒரு பின் பின்னால் நகர்ந்து நின்றிருக்கும். டார்ச் அடித்து எல்லாப் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எங்கும் மாட்டாத கப்ளர் ஒன்று தொங்குகிறதே என்று பதற வேண்டாம். கீழ் வேரியன்ட் கார்களில் மேல் வேரியன்ட்டுக்கான காலிக் கப்ளர்கள் சும்மா கிடக்கும். இதற்காகத்தான் பிரிக்கும் முன் நாலு போட்டோ எடுத்து வைப்பது.

பச்சையோ வெள்ளைப் பொடியோ தெரிந்தால், பேட்டரியைக் கழற்றிய நிலையில் கான்டாக்ட் கிளீனர் அடித்து மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். பின்னில் உப்புத்தாள் போடாதீர்கள். தகரப்பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்குள் செம்பு பச்சையாகிவிடும். துரு எடுக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை எல்லாக் கப்ளரிலும் அடிக்கும் வழக்கத்தையும் விடுங்கள். அந்தப் பிசுக்கில் தனுஷ்கோடி மணல் ஒட்டிக்கொள்ளும். டைஎலெக்ட்ரிக் கிரீஸ் கிடைத்தால் கப்ளரின் ரப்பர் ஓரத்தில் மெல்லியதாகப் பூசினால் போதும்.

அறிகுறி வாரியாக

செட் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் மறந்துவிட்டால் மஞ்சளும் சிவப்பும் மாறியிருக்கின்றன. வெளிச்சந்தை செட்களில் மஞ்சள் நிரந்தர 12 வோல்ட், சிவப்பு சாவியில் வரும் 12 வோல்ட். இரண்டையும் நிரந்தரத்தில் கொடுத்திருந்தால் நினைவு நிற்கும், பேட்டரி இறங்கும். காரின் பக்கத்து வயர் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்; நிறத்தை நம்பாமல் மீட்டரை நம்புங்கள். ஸ்பீக்கரின் நெகட்டிவைப் பாடியில் எர்த் செய்துவிட்டால் செட் சூடாகி ஒலி நின்றுவிடும், கடைசியில் ஆம்ப்ளிஃபையர் ஐசி போகும்.

பார்க் லைட் போட்டதும் 10 ஆம்பியர் ஃபியூஸ் போய், மீட்டர் வெளிச்சமும் நம்பர் பிளேட் விளக்கும் சேர்ந்து அணைந்தால், செட்டின் ஆரஞ்சு வயரைப் பாருங்கள். அது பார்க் லைட்டிலிருந்து 12 வோல்ட் வாங்கும் வயர். அதை எர்த்தில் கொடுத்திருப்பீர்கள், அல்லது உறை உரிந்து பாடியைத் தொடும். நீல வயர் ஆன்டெனாவுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் சைகை தர மட்டுமே. சில நூறு மில்லி ஆம்பியருக்கு மேல் அதிலிருந்து எதையும் ஓட்டாதீர்கள்.

ஹாரன், ஸ்டீயரிங் பட்டன், ஏர்பேக் விளக்கு மூன்றும் சேர்ந்து தொல்லை தந்தால் ஸ்டீயரிங்கின் கீழே இருக்கும் கிளாக் ஸ்பிரிங் (ஸ்டீயரிங் திரும்பும்போதும் மின் இணைப்பு அறாமல் காக்கும் சுருள் நாடா) காரணம். ஸ்டீயரிங்கைக் கழற்றியபோது அது நடுநிலையிலிருந்து சுழன்றிருந்தால், ஒரு பக்கம் முழுக்கத் திருப்பும்போது உள்ளே நாடா அறுந்துவிடும். அறுந்ததை ஒட்டவைக்க முடியாது, புதிதுதான். ஏர்பேக் விளக்கு மட்டும் எரிந்தால், கப்ளர் கழன்றிருந்தபோது யாரோ சாவியைத் திருப்பியிருக்கலாம். கப்ளரைச் சரியாக மாட்டிய பிறகும் கோடு நினைவில் நிற்கும். அதை அழிக்க ஏர்பேக் பகுதிக்குள் போகும் ஸ்கேனர் வேண்டும்; மலிவான புளூடூத் ஓபிடி கருவிகள் பல எஞ்சினோடு நின்றுவிடும். விளக்கை அணைக்க ரெசிஸ்டர் சொருகித் தருகிறோம் என்பவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

ஏசி புளோயர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடினால் ரெசிஸ்டரோ அதன் கப்ளரோ. எந்த வேகத்திலும் ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் கப்ளர் என்ற வரிசையில் போங்கள்.

செல்ப் அடிக்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை, சாவிப் படம் மின்னுகிறது என்றால் சாவித் துளையைச் சுற்றியிருக்கும், சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர் வளையத்தின் கப்ளரை மாட்ட மறந்திருப்பீர்கள்.

ஸ்கேனரில் யு என்ற எழுத்தில் தொடங்கும் கோடுகள் வரிசையாக வந்தால் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசவில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனரை மாட்டும் ஓபிடி சாக்கெட்டின் 6, 14-ஆம் பின்களுக்கு நடுவில் ஓம் பாருங்கள். பல கார்களில் 60 ஓம் வர வேண்டும். இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் வரும் கணக்கு இது. 120 காட்டினால் ஒரு முனை விட்டிருக்கிறது, பெரும்பாலும் மீட்டர் போர்டு கப்ளர். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயரும் எங்கோ நசுங்கி ஒட்டியிருக்கின்றன. ஸ்கேனருக்குக் கரன்டே வராவிட்டால் சார்ஜர் சாக்கெட்டின் ஃபியூஸைப் பாருங்கள். பல கார்களில் இரண்டுக்கும் ஒரே ஃபியூஸ்.

இரவில் பேட்டரி இறங்கினால்

பானெட்டைத் திறந்து, கதவின் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூடிய நிலைக்குக் கொண்டுவந்து, சாவியைக் காரை விட்டுத் தூரமாக வையுங்கள். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கம்பத்துக்கும் கேபிளுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் இணைத்து 30 நிமிடம் விடுங்கள். நடுவில் சாவி போட்டால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். காரின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தூங்கிய பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலை வேண்டாம். 500 காட்டினால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் மணி போகிறது. 35 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டே நாளில் செல்ப் அடிக்கத் திணறும்.

ஃபியூஸ்களைப் பிடுங்கித் தேடினால் தூங்கிய கம்ப்யூட்டர்கள் விழித்துக்கொண்டு கணக்கைக் கெடுக்கும். அதற்குப் பதில் இன்னொரு மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து, ஒவ்வொரு ஃபியூஸின் இரண்டு புள்ளிகளையும் தொடுங்கள். மின்சாரம் ஓடும் ஃபியூஸில் மட்டும் ஏதாவது காட்டும். புது செட், டாஷ் கேமரா, ஜிபிஎஸ் மூன்றிலிருந்து தொடங்குங்கள்.

இந்தக் கடற்கரையில் தாங்கும் ஜாயின்ட்

வயரை வெட்டாமல் கடித்துப் பிடிக்கும் நீலக் கிளிப்பை இங்கே பயன்படுத்தவே வேண்டாம். அதன் கத்தி உறையைக் கிழித்த இடத்தில் உப்பு ஏறும். முறுக்கி டேப் சுற்றுவதும் நிற்காது. வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டுச் சூட்டில் பசை உருகி வழிந்து டேப் கழன்றுவிடும். கிரிம்ப் செய்தோ சால்டர் வைத்தோ இணைத்து, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவைச் சூடாக்கி மூடுங்கள். ஸ்லீவின் இரண்டு ஓரத்திலும் பசை எட்டிப் பார்க்க வேண்டும். தகரப்பூச்சுள்ள செம்பு வயர் கிடைத்தால் அதுவே நல்லது. செட்டின் மஞ்சள், கறுப்பு வயர்களுக்கு 1.5 ஸ்கொயர் எம்.எம்., விளக்கு சைகைக்கு 0.5 போதும். பேட்டரியிலிருந்து நேராக எடுத்தால் முதல் 20 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஹார்னஸை இரும்புக் கம்பியோடு துணி டேப்பால் கட்டுங்கள். கட்டாமல் விட்ட வயர் தேய்ந்து தேய்ந்து ஒரு நாள் பாடியைத் தொடும்.

பேனலைப் பூட்டும் முன், எல்லாக் கப்ளரும், முக்கியமாக மஞ்சள், மாட்டிய நிலையில் சாவியைத் திருப்புங்கள். விளக்குகள், இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், நாலு வேகத்திலும் புளோயர், ஸ்டீயரிங் இரண்டு கோடியிலும் ஹாரன் மறுபடி ஒருமுறை, பிரேக் விளக்கு, ரிவர்ஸ் என்று போட்டுப் பாருங்கள். பிறகு மேடு பள்ளமான சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பேனலை மூடுங்கள். கார்ப்பெட் நனைந்திருந்தால் அதை வெளியே எடுத்து நல்ல தண்ணீரில் அலசி, முழுக்க வெயிலில் காயவைத்த பிறகே விரியுங்கள். காருக்குள் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. தரையையும் எர்த் போல்ட்டைச் சுற்றியும் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு மூன்று முறை துடைத்து உப்பை எடுங்கள்.